தாராக் கூடும் கறுப்பு மையும்

ஹரோ, இலண்டன்

அன்புள்ள சிவஞானம்,

உமது கடிதம் கிடைத்தது. இலங்கையில் முன்னாள் சனாதிபதிகளின் உரித்துகளை நீக்கும் சட்டம் 2025 செப்டெம்பரில் நிறைவேறியதையும், மகிந்த ராஜபக்ச கொழும்பு விஜேராமவிலிருந்த அரச வீட்டைவிட்டுப் போனதையும் எழுதிவிட்டு, அரசியல்வாதிகள் அரச பணத்தில் வாழ்வதால் வெள்ளைக்காரருக்கும் இப்படியொரு தலையிடி வந்ததுண்டா என்று கேட்டிருந்தீர். வந்தது, 2009 இல், நான் இங்கிருக்கும்போதே வந்தது.

அவ்வாண்டு மே 8 முதல் டெய்லி டெலிகிராப் பத்திரிகை, பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர்கள், தொகுதியிலும் இலண்டனிலும் தங்கவேண்டியிருப்பதால் வைத்திருக்கும் இரண்டாம் வீட்டுச் செலவென்று அரச பணத்தில் கேட்டவற்றை நாள்தோறும் அம்பலப்படுத்தியது. வங்கிகள் சரிந்து சனங்கள் வேலையிழந்துகொண்டிருந்த நேரத்தில், 64,766 பவுண் சம்பளம் எடுப்பவர்கள் அதற்கு மேலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000 பவுண் வரை கேட்கலாம் என்பதே பலருக்குப் புதினமாக இருந்தது. பீட்டர் விகர்ஸ் என்ற உறுப்பினர் குளத்தில் மிதக்கும் தாராக் கூட்டுக்கு 1,645 பவுண் கேட்டிருந்தார். இன்னொரு உறுப்பினரான டக்ளஸ் ஹொக் கொடுத்த செலவுப் பட்டியலில் வீட்டைச் சுற்றியிருந்த அகழியைத் துப்புரவாக்கிய கூலியும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், தாராக் கூட்டுக்குப் பணம் கொடுக்கப்படவேயில்லை, கொடுப்பனவுகளைக் கவனித்த பாராளுமன்ற அலுவலகம் மறுத்துவிட்டது. ஆனாலும் ஊர் வாயில் நின்றது அதுதான்.

எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு. எது முதல் வீடு, எது இரண்டாம் வீடு என்று மாற்றி மாற்றிப் பதிந்து, ஒவ்வொன்றையும் அரச செலவில் திருத்தி, விற்கும்போது இலாபத்தின் மீது கட்டவேண்டிய மூலதன ஆதாய வரியையும் தவிர்த்தவர்கள் இருந்தார்கள். அதில் பெரும்பகுதி விதிகளுக்கு உட்பட்டது. சம்பளத்தைக் கூட்டினால் சனங்கள் ஏசுவார்கள் என்று பயந்து, கொடுப்பனவைச் சத்தமில்லாமல் கொழுக்கவிட்டதன் விளைவு அது. தாராக் கூட்டின் விலை எவருக்கும் விளங்கும், வரிக் கணக்கு விளங்காது. ஆதலால் கோபமும் விளங்கிய இடத்திலேயே போய் விழுந்தது.

இந்த விபரங்களைக் கேட்டு ஹெதர் புரூக் என்ற பத்திரிகையாளர் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் வழக்காடி, 2008 இல் உயர் நீதிமன்றத்தில் வென்றிருந்தார். அதன் பின்னரும் பாராளுமன்றம் இழுத்தடித்து, ஜூன் 18 ஆம் திகதி தானாக வெளியிட்ட பக்கங்களில் பாதுகாப்பைக் காரணங்காட்டி முகவரிகளைக் கறுப்பு மையால் மறைத்திருந்தது. முகவரி தெரியாவிட்டால் வீடு மாற்றிப் பதிந்ததை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. மை பூசாத பிரதி டெலிகிராப் பத்திரிகையின் கைக்குப் போயிராவிட்டால், நாங்கள் தாராக்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு இருந்திருப்போம்.

சபாநாயகர் மைக்கல் மார்ட்டின் பதவி விலக நேர்ந்தது. 1695 க்குப் பின் அப்பதவியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவரே. தன் சொந்த வீட்டுக்கே வாடகை கட்டுவதாகப் பொய்ப் பத்திரம் கொடுத்த உறுப்பினர் டேவிட் சேட்டர், பாராளுமன்ற நடவடிக்கைகளை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்ற, 1689 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாராளுமன்றச் சிறப்புரிமையைக் காட்டித் தப்பப் பார்த்தார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சிறை சென்றவர்கள் ஒரு சிலர்தான். கொடுப்பனவுகளைக் கவனிக்கும் பொறுப்பு உறுப்பினர்களிடமிருந்து எடுக்கப்பட்டு, தனியானதொரு சுயாதீன அமைப்புக்குப் போனது.

அந்த வாரங்களில் அதே பாராளுமன்றத்தின் எதிரே எங்கள் சனங்கள் இரவும் பகலும் நின்று, முள்ளிவாய்க்காலில் நடப்பதை நிறுத்தச் சொல்லிக் கதறியதும், மறுநாள் பத்திரிகையை விரித்தால் அகழியும் தாராவுமே முன்பக்கத்தில் கிடந்ததும் எனக்கு இன்னமும் ஆறாத கசப்பு.

நீர் ஓய்வில் இருக்கிறீர், ஆங்கிலமும் சட்டமும் தெரியும், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உம் கையில் இருக்கிறது. கொழும்பில் உங்கள் மாவட்ட உறுப்பினர்களின் எரிபொருள், தங்குமிடக் கொடுப்பனவுகளுக்கு ஒரு விண்ணப்பம் போட்டுப் பாரும். மொத்தத் தொகையை மட்டும் எழுதி அனுப்புவார்கள். அதோடு விடாமல் பற்றுச்சீட்டின் பிரதியையே கேளும். என்ன பதில் வந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதும்.

அன்புடன்,
இராசநாயகம்