பதினாறு நாளுக்குப் பிறகும் தீட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் ஒரு வாசகர், வீட்டில் இறப்பு நடந்திருக்கிறது, ஓராண்டு முடியும்வரை கோயிலுக்குப் போகக் கூடாது என்கிறார்களே, சரியா என்று கேட்டிருந்தார். குடும்ப வழக்கப்படி செய்யுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். அந்த வாசகர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தில் நானும் உட்கார்ந்திருந்தவன்.

எனக்கு வயது 61. சேலம் அம்மாபேட்டையில் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்கிறேன். 3 ஆண்டுகளுக்கு முன் வைகாசியில் ஒரு மாலை நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன என் மனைவி, விடிவதற்குள் போய்விட்டாள். 34 ஆண்டுகள் நான் நெய்தேன், அவள் தார் சுற்றினாள், அதாவது குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றித் தந்தாள். நெசவாளர் வீடுகளில் இதன் அர்த்தம் சொல்லாமலே புரியும். அந்த நூலோடு தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீரத் தீர அடுத்த தார் கையருகே இருக்க வேண்டும். ராட்டைச் சத்தம் நின்றால் கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தமும் நின்றுவிடும்.

கருமாதி முடிந்து உறவெல்லாம் கிளம்பிய மறுநாள் தறிக்குப் போனேன். கூடையில் அவள் சுற்றி வைத்த தார்கள் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், 46. ஒன்றைக் கையில் எடுத்தேன். அவள் இழுத்துச் சுற்றிய இறுக்கம் அப்படியே இருந்தது. நாடாவில் போடக் கை வரவில்லை. நெய்தால் தீர்ந்துபோகுமே. திரும்பக் கூடையில் வைத்துவிட்டு, பாதி வேட்டியோடு நின்ற தறியை ஒரு பழைய சேலையால் மூடினேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது.

"நல்லவங்களைத்தான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு அது முள்ளாகக் குத்தியது. கூப்பிட என் வீடுதான் கிடைத்ததா என்று ராத்திரியெல்லாம் கேட்டேன். பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஆடி வந்தது. சேலத்தில் ஆடி என்றால் எப்படியிருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டு, கம்பம், சக்தி அழைப்பு, உருளுதண்டம். குகைப் பகுதியிலும் எங்கள் பக்கமும், சாமி வேடமிட்டவர்கள் வண்டியில் வரும் வண்டி வேடிக்கை. ஆடி வெள்ளிக்கு என் மனைவி வாசலில் நின்று கூழ் ஊற்றுவாள். அந்த வருஷம் பங்காளிகள் வந்து, "துக்க வீடு, வருஷம் திரும்புற வரைக்கும் கோயில் பக்கம் வர வேண்டாம்" என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பம்பைச் சத்தம் தெருவைத் தாண்டிப் போவதைக் கேட்டேன். அவள் செத்த அன்றைக்குக்கூட நான் அவ்வளவு தனியாக இல்லை.

அப்போதுதான் எதிர்வீட்டு ஆயா கதவைத் தட்டினார். எண்பதை எட்டிய கிழவி.

"ஏங்கண்ணு, இருட்டுல உக்காந்திருக்கற?"

"தீட்டுங்க ஆயா."

"அது பதினாறோட போச்சு. எம்மவன் போனப்ப நானும் உன்னாட்டம்தான் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தேன். வருஷம் கழிச்சுப் போயி நின்னா, சாமிகிட்ட என்ன பேசறதுன்னே தெரியல. எல்லாம் உள்ளேயே காஞ்சு போச்சு. உனக்கு அப்படி ஆவ வேண்டாம். எந்திரி, போலாம்."

திருவிழாக் கூட்டம் வேண்டாமென்று சுகவனேஸ்வரர் கோயிலுக்கு ஆட்டோவில் கூட்டிப் போனார். சுக முனிவர் கிளி உருவில் பூசித்த தலம் அது. அந்தக் கிளிமேல் வேடன் வெட்டிய வெட்டு, லிங்கத்தின் முடியில் இன்னும் தழும்பாக இருக்கிறதென்று தல வரலாறு சொல்லும். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்கு அந்தத் தழும்பைத் தவிர வேறெதுவும் என் நினைவில் இல்லை. வெட்டுப்பட்ட சாமி முன்னால் வெட்டுப்பட்டவன் போய் நிற்க என்ன தீட்டு? வாய்விட்டு அழுதேன். குருக்கள் எதுவும் கேட்கவில்லை. என் கையில் மட்டும் திருநீற்றைக் கொஞ்சம் அதிகமாக வைத்தார்.

மறுநாள் காலை தறிமேல் கிடந்த சேலையை எடுத்தேன். அவள் சுற்றிய தாரை நாடாவில் போட்டேன். ஒரு நாளைக்கு நாலு தாருக்கு மேல் மனம் கேட்கவில்லை. நாடா ஓடும் ஒவ்வொரு தடவையும் சிவாயநம என்று சொன்னேன். 45 தீர்ந்தது. ஒன்று சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மீதிக்கு நானே ராட்டையில் உட்கார்ந்து சுற்றக் கற்றுக்கொண்டேன். அந்த வேட்டி விற்றுப் போனது. எந்த ஊரிலோ ஒரு மாப்பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்திருப்பான். அவள் கை பட்ட ஊடை அதில் இருக்கிறது.

அந்த நாட்களில் பெரியபுராணத்தில் வரும் திலகவதியாரை அடிக்கடி நினைத்தேன். அப்பா போனார், அம்மா போனார், நிச்சயித்த கலிப்பகையார் போர்க்களத்தில் போனார். தானும் உயிரை விடத் துணிந்தவர், தம்பி அவர் காலில் விழுந்து அழுததால் இருந்தார். பிறகு திருவதிகைக் கோயிலில் விடியும் முன்னே கூட்டிப் பெருக்கி, சாணமிட்டு மெழுகி, பூப்பறித்து மாலை கட்டினார். துக்கம் ஆறட்டும், அப்புறம் வா என்று அந்த வாசல் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால்? பின்னாளில் சூலை நோயோடு தம்பி வந்து விழுந்தபோது, திருநீறு கொடுத்து உள்ளே அழைத்துப் போக அக்கா அங்கே இருந்தார். அந்தத் தம்பிதான் நமக்கு அப்பர் பெருமான். துடைப்பத்தை முதல் நாள் கையில் எடுத்தபோது இதெல்லாம் அவருக்குத் தெரியாது. எதற்காக என்னை மிச்சம் வைத்தாய் என்ற கேள்விக்குக் கடவுள் அவருக்குக் காட்டியது பெருக்க வேண்டிய ஒரு வாசலை மட்டும்தான். எனக்கு ஒரு கூடைத் தாரைக் காட்டினார்.

பெரியவர்கள் வைத்த வழக்கத்தை நான் பழிக்கவில்லை. துக்கத்தில் இருப்பவன் திருவிழாச் செலவுக்கும் ஓட்டத்துக்கும் ஆளாக வேண்டாமே என்ற இரக்கத்தில் வந்ததாகவே அது எனக்குத் தோன்றுகிறது. போகாமல் இருந்தாலும் குற்றமில்லை என்று இருந்தது, போனால் குற்றம் என்று எப்படியோ மாறிவிட்டது. அடுத்த முறை யாராவது இப்படிக் கேட்டால், குடும்ப வழக்கம் என்று நிறுத்திவிடாமல், அழ வேண்டுமானால் இன்றைக்கே போங்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள் ஐயா.

ஆயாவுக்கு இப்போது முழங்கால் முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான்தான் கைபிடித்து ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போகிறேன். தறிக்கு நூல் நீட்டிப் பாவு போடும் திடலான பாவடிக்கு அந்தப் பக்கத் தெருவில் ஒரு வீட்டில் போன மாதம் வளர்ந்த பிள்ளை தவறிவிட்டான். கதவு சாத்தியே கிடக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதவைத் தட்டலாமென்று இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளர்,
அம்மாபேட்டை, சேலம்.