காலையில் 60.8

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

நேற்று ராத்திரி போனில் "முழுசா சரியாயிடுச்சாம்மா?" என்று கேட்டாய். நானும் எப்போதும்போல "பரவாயில்லடி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. ஒன்றரை வருஷமாக நீ இதைத்தான் கேட்கிறாய், நானும் இதையே சொல்லி மழுப்புகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாரடைப்புக்கு அப்புறம் என் இதயம் தளர்ந்து போயிருக்கிறதே, இது சரியாகிப் போகிற வியாதி இல்லை கண்ணு. கட்டுக்குள் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற வியாதி. சர்க்கரையோடு இருபது வருஷமாக இருக்கிறேன் இல்லையா, அதுபோல.

மாரடைப்பு வந்த அன்றைக்கு எனக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. தாடையை யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது, முதுகில் ஒரு பாரம், குமட்டல். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். "வாயுதாம்மா" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நானும் நம்பி, பூண்டு வறுத்துத் தின்றுவிட்டுப் படுத்தேன். பொம்பளைகளுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு பல சமயம் இப்படித்தான் ஆள் தெரியாமல் வருமாம். விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து ஜில்லிட்ட பிறகுதான் உன் தம்பி புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாய் வைத்தார்கள், அடைப்பு திறந்தது. ஆனால் அந்த ராத்திரி ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன இதயச் சதை செத்ததுதான். அது மறுபடி முளைக்காது. அந்த ஒரு ராத்திரிதான் என்னை இன்னும் அறுக்கிறது. உனக்கோ மாப்பிள்ளைக்கோ அப்படி ஏதாவது வந்தால் வாயு என்று உட்காராதீர்கள், உடனே ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.

எக்கோ என்கிற இதய ஸ்கேனில் 35 சதவீதம் என்று வந்ததும் "அப்போ 65 சதவீதம் போயிடுச்சா?" என்று பதறினாயே, அது அப்படி இல்லை. நல்ல இதயமே ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே இருக்கும் ரத்தம் முழுவதையும் தள்ளாது. நூற்றுக்கு 55 முதல் 70 வரைதான் தள்ளும். என்னுடையது 35 தள்ளுகிறது. பாதிக்குக் கொஞ்சம் மேலே வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்.

இதய செயலிழப்பு என்கிற பேரைக் கேட்டு நானும் முதலில் பயந்துதான் போனேன். நின்றுபோவது இல்லை அது, தளர்ந்து போவது. தளர்ந்ததால் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறைகிறது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அது தப்பாக நினைத்து, உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்தத் தண்ணீர் காலில் இறங்கும், நுரையீரலிலும் கோக்கும். இதை டாக்டரம்மா படம் போட்டுக் காட்டியபோதுதான் உப்பு ஏன் ஆகாது என்று எனக்கு உறைத்தது.

ஆனால் புரிவதற்கு முன்னால் ஒரு தப்பு பண்ணினேன். உன்னிடம் மறைத்தது இதைத்தான். தை மாசம் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் மூன்று நாள் அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு. திரும்பி வந்த அன்றைக்கு முதுநகரிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டில் குழம்பு வைத்தேன். முட்டி வலிக்குது என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரை வேறு. அதுவும் உடம்பில் தண்ணீரைத் தேக்குமாம், யாருக்குத் தெரியும்? நாலாம் நாள் மெட்டி கழலவில்லை. கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தே விடிய வைத்தேன். அப்புறம் ஐந்து நாள் ஆஸ்பத்திரி. உனக்கு "பெரியம்மா வீட்லதான் இருக்கேன்" என்று சொன்னேன். மன்னித்துக்கொள்.

அதிலிருந்து அப்பா எடை மெஷின் வாங்கி வந்துவிட்டார். காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால், அதே நைட்டியோடு ஏறி நிற்பேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, பழைய பால் கணக்கு நோட்டில் எழுதுவார். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், இல்லை ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் டாக்டருக்குப் போன் போட வேண்டும். மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே பல சமயம் எடை காட்டிக் கொடுத்துவிடும்.

நீ அனுப்பிய சோடியம் குறைந்த உப்பைப் பிரிக்கவில்லை, கோபிக்காதே. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்க்கிறார்கள். நான் சாப்பிடுகிற ஒரு மாத்திரை ஏற்கனவே பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடம் புரளலாம். இந்துப்பும் உப்புதான். அதனால் எலுமிச்சம்பழமும் மிளகும் பூண்டும்தான் இப்போது எனக்கு ருசி. அப்பாவுக்குத் தனியாக உப்புக் கிண்ணம்.

"பிரஷர் 100தானே இருக்கு, எதுக்கு பிரஷர் மாத்திரை, நிறுத்திடும்மா" என்றாயே, அதையும் சொல்லிவிடுகிறேன். அது பிரஷருக்காக இல்லை, இதயத்தின் பாரத்தைக் குறைக்க. தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்வேன், நானாக நிறுத்த மாட்டேன். நீயும் நிறுத்தச் சொல்லாதே.

சாயங்காலம் அப்பாவோடு சில்வர் பீச் வரைக்கும் நடக்கிறேன். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்றார்கள். பேச்சு தடைபட்டால் உட்கார்ந்துவிடுவோம். அப்பா சுண்டல் வாங்கித் தர மாட்டேன் என்கிறார், உப்பு போட்டிருப்பார்களாம்.

என் ரிப்போர்ட் எல்லாம் பீரோவில் மேல்தட்டு மஞ்சள் பையில் இருக்கிறது. மாத்திரைச் சீட்டை உன் தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான், உன் போனிலும் வைத்துக்கொள். உனக்கு நாற்பது தாண்டிவிட்டது, ஒருதடவை சர்க்கரையும் பிரஷரும் கொழுப்பும் பார்த்து எனக்குச் சொல்.

இனிமேல் சரியாயிடுச்சா என்று கேட்காதே. "இன்னிக்கு எடை எவ்வளவு?" என்று கேள், உண்மையைச் சொல்கிறேன். இன்றைக்குக் காலையில் 60.8. நேற்றும் அதேதான்.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டாச்சா?

அன்புடன்,
அம்மா