படத்தில் இருப்பவருக்கே முதல் பிரதி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தபோது நான் லடாக்கில் இருந்தேன். திரும்பிய பிறகுதான் பிரித்துப் படிக்க முடிந்தது, அதனால்தான் பதில் இவ்வளவு தாமதம். முழங்கால் வலி குறைந்து காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உன் மகள் சொந்தமாகக் கேமரா வாங்கியிருக்கிறாள் என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். அவள் கேட்டதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நீ கேட்ட கேள்வி. "இத்தனை வருஷம் அலைந்து எடுத்ததையெல்லாம் என்ன செய்யப்போகிறாய்?" என்று எழுதியிருந்தாய். உன் பெட்டியில் கிடக்கும் நெகட்டிவ்களையும் மனதில் வைத்துத்தான் கேட்டிருக்கிறாய் என்று புரிந்தது. எனக்கும் கொஞ்ச காலமாக இதே யோசனைதான். இந்தப் பயணத்தில் எனக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்.

இந்த முறை நான் போனது படம் எடுக்க இல்லை, கொடுக்க. சில வருஷங்களுக்கு முன்னால் சாங்தாங் பீடபூமியில் எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி, ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு போனேன். கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேல், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமே இல்லாத வெளி அது. ஆடும் யாக் என்ற மலை எருதும் மேய்த்து வாழும் சாங்பா மக்களின் இடம். உலகம் முழுவதும் விலைபோகும் பஷ்மினா, அவர்களுடைய வெள்ளாடுகளின் வெளிமயிருக்கு அடியில் குளிருக்காக வளரும் மெல்லிய மயிர்தான். கோடை தொடங்கும் சமயத்தில் ஆட்டைப் படுக்கப்போட்டு, நீளப் பற்கள் கொண்ட சீப்பால் அதை வாரி எடுப்பார்கள். கர்னாக் பகுதியில் ஒரு பாட்டி அப்படி வாரிக்கொண்டிருந்தார், பேத்தி ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று அவர்களை நிறையப் படம் எடுத்தேன். மேய்ச்சலோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும் கூடாரத்துக்குத் தபால் போகாது. நேரில் கொண்டுபோய்த்தான் கொடுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நீ கேட்பாய். நாம் இருட்டறையில் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் 'மைக்ரன்ட் மதர்' படத்தை எத்தனை முறை பார்த்திருப்போம், நினைவிருக்கிறதா? டோரதியா லாங்கே 1936-ல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் எடுத்தது. கன்னத்தில் கை வைத்த தாய், தோளில் முகம் புதைத்த பிள்ளைகள். அந்த முகத்தில் விழும் வெளிச்சத்தைப் பற்றி நாம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். அந்த அம்மாவின் பெயரை நாம் பேசியதே இல்லை. லாங்கேயும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெயர் 1978-ல்தான் வெளியே வந்தது. படம் பத்திரிகையில் வந்து முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தபோது அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பியிருந்தது. ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவே இல்லை என்று அவர் முதுமையில் குறைப்பட்டார். 1985-ல் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமி ஷர்பத் குலாவும் அப்படித்தான். அவர் முகத்தை உலகமே பார்த்துவிட்டது, அவரே அதைப் பார்த்தது 2002-ல், தேடிக் கண்டுபிடித்து வந்து காட்டிய பிறகு. லாங்கேயின் வேலையை நான் இன்றும் வணங்குகிறேன். ஆனாலும் அந்த அம்மாவின் குறை என் மனதை விட்டுப் போகவில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போனவுடன் ஓடியாடக் கூடாது, உடம்பு பழகும் வரை படுத்துத்தான் கிடக்க வேண்டும். வயது ஏற ஏற இதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். பிறகு சிந்து நதியை ஒட்டி உப்ஷி வரை போய், அங்கிருந்து தெற்கே திரும்பி, தக்லங் லா கணவாய் ஏறினோம். 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு நாலடி வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். அந்த மூச்சு வாங்கலை நான் விரும்பவே தொடங்கிவிட்டேன். நின்றால்தானே பார்க்கிறோம்.

கணவாய் இறங்கி, நெடுஞ்சாலையை விட்டு மண் தடத்தில் கர்னாக் பக்கம் போனோம். அங்கேதான் ஓடை எங்களை நிறுத்தியது. அந்த மலைகளில் ஓடையைக் காலையில் கடக்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் பெருகிவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை. காலையில் கணுக்கால் அளவு ஓடியிருக்க வேண்டிய தண்ணீர், கற்களை உருட்டிக்கொண்டு இடுப்பளவு ஓடியது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார், ஒரு கல்லை எறிந்து பார்த்தார், வண்டியை அணைத்துவிட்டார். "விடியும்போது தண்ணீர் தானாகக் குறையும்" என்றார். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்த இரவு வண்டியிலேயே கழிந்தது. பேட்டரி குளிரில் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டேன். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நின்றால் கண் இருட்டுக்குப் பழகிவிடுகிறது. அதற்குப் பிறகு தெரிந்த வானத்தை உனக்கு எப்படிச் சொல்வது? தென்திசை மலை விளிம்பிலிருந்து பால்வீதி எழுந்து தலைக்கு மேலே போயிற்று, அதன் நடுவில் கருமையான தூசுப் பட்டைகள்கூடக் கண்ணுக்குத் தெரிந்தன. சில படங்கள் எடுத்தேன். பிறகு கேமராவை உறைக்குள் போட்டுக் கட்டிவிட்டு வெறுமனே நின்றேன். பக்கத்தில் நின்ற ஓட்டுநர், தன் மகன் கல்லூரிப் படிப்புக்காகத் தொலைதூரம் போயிருப்பதைப் பற்றியும், அவன் திரும்பி வருவானா என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். பயணத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பேச்சுகள் எல்லாம் இப்படி வண்டி நின்றுபோன இடங்களில் கிடைத்தவைதான்.

விடியற்காலையில் ஓடை வடிந்திருந்தது, கடந்து போனோம். கூடாரங்கள் இருந்த மேய்ச்சல் நிலம் காலி. அடுப்புக் கற்களும் பட்டிச் சுவரும் மட்டும் இருந்தன. இன்னும் உள்ளே போனபோது வேறு இடத்தில் சில கூடாரங்கள் தெரிந்தன. கட்டைப் பிரித்ததும் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். படங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. யார் யார் என்று எனக்குத் தெரியாத முகங்களுக்கெல்லாம் அவர்கள் பெயர் சொன்னார்கள், நான் ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு பையன் இப்போது ராணுவத்தில் இருக்கிறான். ஒரு பெண் இப்போது தாயாகிவிட்டாள். பாட்டியின் படம் வந்ததும் சொன்னார்கள், அந்தக் குடும்பம் ஆடுகளைச் சொந்தக்காரர்களிடம் விட்டுவிட்டுக் கர்னாக்லிங் போய்விட்டது என்று.

கர்னாக்லிங் லேயின் ஓரத்தில் சோக்லம்சர் பக்கம் இருக்கும் குடியிருப்பு. மேய்ச்சலை விட்டு இறங்கிய கர்னாக் குடும்பங்கள் அங்கே வீடு கட்டிக் குடியேறியிருக்கின்றன. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், குளிர்காலத்தின் கொடுமை, ஆடு மேய்க்க ஆள் இல்லாமை, காரணங்கள் பல. நான் தேடி வந்தவர், நான் கிளம்பிய ஊரின் எல்லையிலேயே இருந்தார்!

திரும்பும் வழியில் ஹன்லேயில் தங்கினோம். அங்கே 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் இருக்கிறது. அதன் இரண்டு மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோஸ்கோட்டேயில் இருந்துகொண்டு செயற்கைக்கோள் தொடர்பு மூலம் இயக்குகிறார்கள். 2022 டிசம்பரில் சுற்றியுள்ள ஆயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டரை இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். எனக்கு அதில் பிடித்தது, பக்கத்துக் கிராமத்தவர்களுக்கே தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சி தந்து, வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டும் வேலையை அவர்களிடம் விட்டிருப்பது. அவர்களுடைய வானம், அவர்களே காட்டுகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் கர்னாக்லிங். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். பாட்டி வெயிலில் உட்கார்ந்து நூல் திரித்துக்கொண்டிருந்தார். "ஜூலே" என்று வணக்கம் சொன்னேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. படத்தைக் கையில் கொடுத்த பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் பெரிதாக மதிக்கும் படத்தைத்தான் மேலே வைத்திருந்தேன். அவருடைய முகம் மட்டும், சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தெளிவாக, பின்னணி முழுக்கக் கரைந்துபோன படம். என் கண்காட்சிகளில் நீயும் பார்த்திருக்கிறாய். அவர் அதை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். அடுத்து இருந்தது அகலக்கோண லென்ஸில் எடுத்தது. எல்லாம் தெளிவாக விழ, எஃப் எண் எட்டு, பதினொன்று என்று லென்ஸின் துளையைச் சுருக்கி, இடத்தின் ஞாபகத்துக்காக எடுத்து வைத்த படம். ஆடு, பேத்தி, நாய், கூடாரம் எல்லாம் ஒரே அளவு தெளிவு. அதைப் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை. அவர்களுடைய கூடாரத்தின் பெயர் ரெபோ. யாக் மயிரைத் திரித்துப் பட்டை பட்டையாக நெய்து, பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது. நைந்த பட்டையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துத் தைப்பார்கள். படத்தில் விரலை வைத்து, இந்தப் பட்டை நான் நெய்தது, இது என் அக்கா நெய்தது, இது மாமியார் காலத்தது என்று சொல்லிக்கொண்டே போனார், ஓட்டுநர் எனக்கு மொழிபெயர்த்தார். பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் அவளையும் உட்காரவைத்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அவள் ஆட்டை மட்டும் காட்டி, அதன் பெயரைச் சொல்லிச் சிரித்தாள்.

அன்று மாலை எனக்குத் தோன்றியதுதான் உன் கேள்விக்கு என் பதில். நான் இத்தனை நாள் முகங்களைச் சேர்த்துக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அந்த முகங்களுக்குப் பின்னால் இருந்த வீடு, வாசல், கருவி, துணி, பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் அவர்களுடைய சொத்து. அது என் அலமாரியில் இருந்தால் வெறும் பின்னணி, அவர்கள் கையில் இருந்தால் ஒரு குடும்பத்தின் கணக்கு. ஆகவே இனி என் பயணங்களில் பாதி, கொடுக்கப் போகும் பயணங்கள். உடம்பு ஒத்துழைக்கும் வரை. எடுக்கிற புதுப் படங்களிலும் பின்னணியைக் கரைப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். நின்ற இடத்தோடு சேர்த்து ஒரு மனிதரைப் பார்ப்பது இப்போது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதோடு ஒரு உறை வைத்திருக்கிறேன். பழைய சுருள்களை ஸ்கேன் செய்தபோது உன் வீட்டில் எடுத்த ஒரு சுருள் கிடைத்தது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார், கண்ணாடிக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்க்கிறார். அடையாள அட்டையில் இருப்பதைத் தவிர அம்மாவின் நல்ல படம் எதுவும் இல்லை என்று நீ ஒருமுறை எழுதியிருந்தாய். பின்னால் கதவில் சாய்ந்து நிற்பது நீதான் என்று நினைக்கிறேன். எந்த வருஷம் என்று தெரிந்தால் எழுது.

இனி உன் மகளுக்கு. நட்சத்திரப் படம் எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறாள். 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால், அதாவது அதன் மில்லிமீட்டர் எண்ணால், வகுக்கச் சொல். 20 மில்லிமீட்டர் என்றால் 25 விநாடி, அதற்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். அவளுடைய கேமராவின் சென்சார் சிறியது என்றால் இன்னும் குறைக்க வேண்டும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யட்டும். குளிரிலிருந்து அறைக்குள் வரும் முன் கேமராவை உறையில் போட்டு மூடிவிட வேண்டும், இல்லையென்றால் லென்ஸில் நீர் கோத்துவிடும். இவ்வளவும் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழக நாளாவது வேறு ஒன்று: ஒரு குறிப்பேடு. யாரைப் படம் எடுத்தாலும் முதலில் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும், பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ள வேண்டும், படத்தை அனுப்ப வேண்டும். லென்ஸை மெதுவாக வாங்கிக்கொள்ளலாம், குறிப்பேடு முதல் நாளே வேண்டும்.

உன் நெகட்டிவ் பெட்டியைத் திறந்து பார். வினிகர் நெடி அடிக்கும் சுருள்களை முதலில் தனியாகப் பிரித்து வை. ஃபிலிமின் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுத்துவிடும். அவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். மற்றவற்றை ஈரம் படாத, வெயில் படாத இடத்தில் வை. மழை நின்றதும் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் படத்தில் இருப்பவர்களில் யார் யாருடைய பெயரும் முகவரியும் உனக்கு ஞாபகம் வருகிறதோ, ஒரு பட்டியல் போட்டு வை.

அன்புடன்,
உன் நண்பன்