காணிக்கைப் பை வழியே தேர்தல் பணம்

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் போதகர்கள் பிரசங்க மேடையில் நின்று வேட்பாளருக்கு வாக்குக் கேட்கலாமா என்ற விவாதத்தில் பலரும் பேச்சுரிமையையே பார்க்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் கிறிஸ்தவனான எனக்குப் பயம் தருவது பணம்.

லிண்டன் ஜான்சன் செனட்டராக இருந்தபோது, 1954இல் கொண்டுவந்த வரிச்சட்டத் திருத்தப்படி, திருச்சபைகள் உட்பட வரிவிலக்கு பெற்ற அறநிறுவனங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. கருக்கலைப்பு, குடியேற்றம், வறுமை பற்றிப் பிரசங்கிக்கத் தடை இல்லை. வாக்காளர் பதிவு முகாமும் நடத்தலாம். 1992இல் அதிபர் வேட்பாளர் கிளிண்டனுக்கு எதிராக நாளிதழ் விளம்பரம் கொடுத்த, நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த திருச்சபை ஒன்றின் வரிவிலக்கு 1995இல் ரத்தானது. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இப்படி நடவடிக்கை எடுத்தது மிக அரிது.

2025 ஜூலையில் டெக்சாஸ் வழக்கொன்றில், வழிபாட்டின்போது சபையாரிடம் வேட்பாளரைப் பற்றிப் பேசுவது மீறல் ஆகாது என்ற நிலைக்கு அமெரிக்க வரித்துறையே வந்துவிட்டது.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கு வரிக்கழிவு கிடையாது. 200 டாலரைத் தாண்டினால் கொடுத்தவர் பெயரும் வெளியாகும். காணிக்கைக்கோ வரிக்கழிவு உண்டு. மற்ற அறநிறுவனங்கள் ஆண்டுதோறும் தரும் கணக்கைச் சபைகள் அரசுக்குத் தர வேண்டியதும் இல்லை. அரசியல் பணம் பெயர் தெரியாமல், வரிச்சலுகையோடு நுழைய இதைவிட வசதியான வாசல் வேறு எது? ஏழை விதவை போடும் காசும் அதே பையில்தான் விழுகிறது.

ஒரு வாசகர்,
நாகர்கோவில்.