ஒரு வாளித் தண்ணீர் போதும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மழை விட்டபாடில்லை, இஸ்தோப்பில் காயப்போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே கிடக்கிறது.

ஐஸ் குளியல் தொட்டி ஒன்றைத் தவணைக்கு எடுக்கப்போவதாகப் போனில் சொன்னாய். எடுக்காதே. குளிர்ந்த நீரில் தாராளமாகக் குளி. அதற்காகக் கடன்பட வேண்டியதில்லை. கொழும்பில் அந்த வெள்ளவத்தை அறை வாடகையைக் கட்டிவிட்டு மிஞ்சுகிற சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

உன் பெரிய மாமா ஐயப்பனுக்கு மாலை போட்டால் இரு வேளையும் பீலியில் மேலிருந்து கொட்டுகிற குளிர்ந்த தண்ணீர்தான். அவர் குளிப்பதைச் சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்திருப்பாய், கவனித்திருக்க மாட்டாய். எடுத்த எடுப்பில் பீலிக்கு அடியில் போய் நிற்க மாட்டார். முதலில் பாதம், பிறகு முழங்கால். இரு கையாலும் அள்ளி முகத்தையும் பிடரியையும் நனைப்பார். “சாமியே...” என்று உரத்து இழுத்துச் சொல்வார். முதல் தடவை குரல் நடுங்கும். நடுக்கம் நின்ற பிறகுதான் தோளைக் கொடுப்பார், அதன் பிறகு தலை. உரத்துச் சொல்லும்போது மூச்சு நீளமாக வெளியே போகிறது. குளிரைத் தாங்குவதற்கு வேண்டியது அதுதான். நீ எந்தச் சாமியையும் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, மூச்சை மெதுவாக ஊதி விடு.

தோல் சட்டென்று குளிர்ந்தால் மூச்சு நம்மைக் கேட்காமலே உள்ளே இழுபடும், நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். முதல் அரை நிமிடம்தான் மிகக் கடுமை. இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த அரை நிமிடத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் உள்ளே போய்விடும். ஆழமான தொட்டியில் நீ தனியாக இறங்குவதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராமல் போவதற்கு இதுதான் காரணம். வாளியும் கோப்பையும் என்றால் அந்தப் பயம் இல்லை. பல நாள் பழகினால் உடம்பு அவ்வளவு பதறாது.

கணக்கையும் பார். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகை செல்சியஸுக்குக் கிட்டத்தான். குளிர் இங்கே காசில்லாமல் கிடைக்கிறது. கொழும்புக் குழாய்த் தண்ணீர் 28 பாகையளவில் இருக்கும். நூறு லீற்றரை 15 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 14 கிலோ ஐஸ் வேண்டும். தொட்டியை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் அந்த ஐஸை எங்கிருந்து கொண்டுவருவாய்? பதினைந்து லீற்றர் வாளிக்கு 2 கிலோ போதும். ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் இரண்டில் தண்ணீர் நிரப்பி பிரிட்ஜில் ஐஸ் உறைகிற மேல்தட்டில் இரவே வைத்துவிடு. கழுத்துவரை நிரப்பாதே, உறையும்போது தண்ணீர் விரிந்து போத்தல் வெடிக்கும். காலையில் அவற்றை வாளியில் போட்டு, இடையிடையே கலக்கிவிடு. உருகியதும் எடுத்து மறுபடி பிரிட்ஜில் வை. அதுவும் முடியாத நாளில் வெறும் குழாய்த் தண்ணீரை விடியற்காலையில் ஊற்றிக்கொள்.

நீண்ட நேரம் நின்றால்தான் பலன் என்று எண்ணாதே. 2016இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வைத் தங்கச்சி வாசித்துக் காட்டினாள். 3,018 பேர் கலந்துகொண்டிருக்கிறார்கள். சூடாகக் குளித்து முடிக்கையில் 30, 60 அல்லது 90 விநாடி குளிர்ந்த நீரில் நின்றவர்கள், நோய் என்று லீவு எடுத்தது 29 சதவீதம் குறைந்திருக்கிறது. முப்பது விநாடிக்காரருக்கும் தொண்ணூறு விநாடிக்காரருக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நோயாக இருந்த நாட்கள் குறையவில்லை. ஆகவே தடிமனே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே. தெம்பு கிடைக்கும், அது உண்மை. எனக்கு அந்தத் தெம்பே பெரிதாகப் படுகிறது.

ஜிம்மில் பாரம் தூக்கிய கையோடு ஐஸ் தண்ணீரில் உட்காருவதையும் விடு. தசை வளர்வதை அது மட்டுப்படுத்துகிறது என்று 2015இல் ஆய்வு வந்திருக்கிறது. காலைக் குளியலோடு வைத்துக்கொள்.

விம் ஹொஃப் என்ற டச்சுக்காரரின் மூச்சுப் பயிற்சியும் செய்வதாகச் சொன்னாய். அதைக் கட்டிலில் உட்கார்ந்து செய். தண்ணீருக்குள் ஒருபோதும் வேண்டாம். வேகவேகமாக மூச்சு வாங்கி அடக்கினால் நினைவு தப்பும், தண்ணீருக்குள் நினைவு தப்பினால் எழும்ப முடியாது. குளித்ததும் கொதிக்கிற வெந்நீருக்குத் தாவாதே, தலை சுற்றும். துவாயால் நன்றாகத் துடைத்து, தடித்த சட்டை போட்டு, இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு நட. வெளியே வந்த பிறகும் உடம்பின் உட்சூடு கொஞ்ச நேரம் இறங்கும், அதனால் நடுக்கம் பிந்தி வரலாம், பயப்படாதே. விரல் வெளிறி மரத்தால் அன்றைக்கு நிறுத்திவிடு.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உன் தாத்தாவுக்கு நெஞ்சு வருத்தம் இருந்தது, உன் அப்பாவுக்குப் பிரஷர் இருக்கிறது. இந்தக் கிழமைக்குள் டாக்டரிடம் போய்ப் பிரஷரைப் பார், குளிர்ந்த நீரில் குளிக்கப் போவதையும் சொல்லிக் கேள். மேல் எண், கீழ் எண் இரண்டையும் எனக்கு அனுப்பு. அதைப் பார்த்த பிறகு வாளியை நிரப்பலாம்.

அன்புடன்,
அம்மா