உயிரியல் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு: கிளியல் செல்களுக்கு ஒரு பத்தி போதாது

வணக்கம்.

நரம்பு மண்டலப் பாடத்தில் நியூரானுக்கு, அதாவது நரம்புச் செல்லுக்கு, நீங்கள் ஒதுக்கும் பக்கங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. செய்தியை வாங்கும் கிளையான டென்ட்ரைட், அதை அனுப்பும் நீண்ட இழையான ஆக்சான், இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸ் எல்லாம் படத்தோடு விளக்கமாக வந்துவிடுகின்றன. அப்புறம்தான் சிக்கல். நியூரான்களுக்குத் துணையாகக் கிளியல் செல்களும் உண்டு என்று ஒரு வரி, கீழே ஓர் அட்டவணை, நான்கு பெயர், எதிரே நான்கு வேலை, முடிந்தது கதை. மாணவர் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார். எது ஏன் என்று எங்கேயும் சொல்லாதபோது மறக்காமல் என்ன செய்வார்?

நான் கேட்பது ஒன்றுதான். இந்தச் செல்கள் எங்கிருந்து வந்தன என்பதில் பாடத்தைத் தொடங்குங்கள், மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

கருவில், பின்னால் மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக் குழாய் உருவாகிறது அல்லவா, அதன் சுவரில் இருக்கும் செல்கள் ரேடியல் கிளியா என்ற கிளியல் செல்களாக மாறுகின்றன. வெகுகாலம் இவற்றைப் புது நியூரான்கள் பிடித்துக்கொண்டு மேலேறும் கம்பிகளாக மட்டுமே பார்த்தார்கள். 2000, 2001 வாக்கில் வந்த ஆய்வுகள், பெருமூளைப் புறணியின் நியூரான்களே இவற்றிலிருந்துதான் பிறக்கின்றன என்று காட்டின. நியூரான்களைப் பெற்றெடுத்த பிறகு இதே வழித்தோன்றலில் ஆஸ்ட்ரோசைட்டுகளும், ஆக்சான் மேல் மையலின் என்ற கொழுப்பு உறை சுற்றும் ஆலிகோடென்ட்ரோசைட்டுகளும், மூளையின் உள்ளறைகளுக்கு உட்சுவராக நிற்கும் எபென்டைமல் செல்களும் வருகின்றன. நியூரானின் தாய்ச்செல்லைத் துணைச் செல் பட்டியலில் கடைசி வரியாகக்கூட நீங்கள் போடுவதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது.

குழாய் மூடும்போது அதன் விளிம்பிலிருந்து பிரிந்து உடலெங்கும் பரவும் செல்கள் நரம்பு முகட்டைச் சேர்ந்தவை. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே இருக்கும் கிளியாவெல்லாம் பெரும்பாலும் இந்த வழி: ஷ்வான் செல்கள், நரம்பு முடிச்சுகளில் நியூரானைச் சூழ்ந்திருக்கும் சாட்டலைட் செல்கள், குடல் சுவரில் இருக்கும் கிளியா.

மூன்றாவது வகையான, மூளையின் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவின் பிறப்பு நரம்புத் திசுவிலேயே இல்லை. 1919-ல் ஸ்பெயினின் நரம்பியல் ஆய்வாளர் பியோ தெல் ரியோ ஒர்த்தேகா இவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். இவை எங்கிருந்து வந்தன என்ற சண்டை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடி, 2010-ல் எலிக்கருவில் செய்த ஆய்வில்தான் தெளிந்தது. கருவோடு ஒட்டியிருக்கும் கருவுணவுப் பையில் தோன்றும் ஆதி இரத்த முன்னோடிச் செல்கள் ஆரம்பத்திலேயே மூளைக்குள் குடிபுகுந்து, பிறகு அங்கேயே பெருகித் தங்கிவிடுகின்றன. இது தெரிந்த மாணவருக்கு, மூளைக்குள் ஒரு செல் ஏன் கிருமியையும் செத்த செல்லையும் விழுங்குகிறது, வளரும் மூளையில் வேண்டாத சினாப்ஸ்களை ஏன் கத்தரிக்கிறது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

நோய்களும் இப்படித்தான் புரியும். ஆலிகோடென்ட்ரோசைட்டும் ஷ்வான் செல்லும் செய்வது ஒரே வேலை, ஆக்சானைச் சுற்றி மையலின் உறை போடுவது. ஆனால் ஆலிகோ ஒன்று பல ஆக்சான்களுக்குக் கை நீட்டுகிறது, ஷ்வான் செல் ஒன்றோ ஒரே ஆக்சானின் ஒரே துண்டைச் சுற்றுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் உடலின் எதிர்ப்பு சக்தி தாக்குவது மூளை, தண்டுவட மையலினை. கில்லன் பாரே நோயில் வெளி நரம்புகளை. தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்லுக்குள் புகுந்து வளர்வதால்தான் தோல் மரத்துப்போகிறது. கையில் நரம்பு அறுந்தால், ஷ்வான் செல்கள் சிதைந்த மையலினை அகற்றி, வரிசையாக நின்று வழி காட்ட, ஆக்சான் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரப் பார்க்கிறது. தண்டுவடத்தில் இது நடக்காததற்கு ஒரு காரணம், அங்குள்ள மையலினிலேயே ஆக்சான் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருப்பது.

ஆஸ்ட்ரோசைட்டைப் பற்றி 'உணவளிக்கிறது' என்று எழுதி நிறுத்திக்கொள்கிறீர்கள். ஒரு சினாப்ஸை மட்டும் கிட்டப் போய்க் காட்டுங்களேன். நியூரான் குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளை வெளியே விடுகிறது, அடுத்த நியூரான் தூண்டப்படுகிறது, சரி, மிச்ச குளூட்டமேட் எங்கே போகிறது? அங்கேயே தேங்கினால் நியூரான் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டுச் சாகும். பக்கத்திலேயே இருக்கும் ஆஸ்ட்ரோசைட் அதை உறிஞ்சி, தூண்டாத குளூட்டமைனாக மாற்றி, நியூரானிடமே திருப்பித் தருகிறது. வெளியே சேரும் பொட்டாசியத்தையும் அதுதான் எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்று. கிளியல் செல்கள் நியூரான்களைவிட 10 மடங்கு அதிகம் என்ற வரியைத் தயவுசெய்து நீக்குங்கள். 2009-ல் வெளிவந்த பிரேசில் ஆய்வாளர்களின் கணக்குப்படி மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள், நியூரான் அல்லாத செல்கள் எல்லாம் சேர்த்தே சுமார் 8,500 கோடி. அதிலும் இரத்தக்குழாய்ச் செல்கள் அடக்கம்.

பக்கம் போதாது என்பீர்கள். அட்டவணையை எடுக்க மனமில்லை என்றால் இருக்கட்டும், 'எங்கிருந்து வந்தது' என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, அதை வேலைக்கு முன்னால் போடுங்கள்.