ராபர்ட்சன்பேட்டை கடைவீதிக்கும் ஒருமுறை வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கோலார் தங்கவயல் பற்றி வந்த இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் தலைப்பிலேயே 'பேய் நகரம்' என்று போட்டுவிட்டீர்கள். அதை நான் படித்துக்கொண்டிருந்தபோது, என் கடை வாசலில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்காமல் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேய்கள் இதற்கெல்லாம் சண்டை போடுமா, தெரியவில்லை.

தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் நாற்பத்தோரு வருடமாகக் கடிகாரம் ரிப்பேர் செய்கிறேன். தாத்தா வடஆற்காட்டில் இருந்து பஞ்சம் பிழைக்க இங்கே வந்தவர். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். அதனால் முதலில் இரண்டு திருத்தம். மைன்ஸ் மூடியது 2001 பிப்ரவரி 28. நீங்கள் போட்டிருக்கும் 2003 இல்லை. 'பழைய கடைவீதி' என்று போட்ட படம் கடைவீதியே இல்லை, ஊர்காம் பக்கம் வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்த பங்களா.

சரி, அதைக்கூட விட்டுவிடலாம். தங்கவயலைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வழியில்தான் போகிறார்கள். சுரங்கத்துக்குள் இறங்கும் துருப்பிடித்த சாஃப்ட், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண்ணான சயனைடு மேடு, பங்களா, அப்புறம் காரைத் திருப்பிக்கொண்டு பெங்களூர். 'கே.ஜி.எஃப்' சினிமா வந்த பிறகு கூட்டம் கொஞ்சம் அதிகம். "எங்கே சார் ஷூட்டிங் எடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு டீ கூடக் குடிக்காமல் போய்விடுகிறார்கள்.

இந்த ஊர், மைன்ஸை நடத்திய வெள்ளைக்கார ஜான் டெய்லர் கம்பெனி காலத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க, கடைவீதியைத் தவிர வேறு இடம் இல்லை. பங்களாக்கள் ஒரு பக்கம், கூலிகளின் தகர லைன் வீடுகள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் வெளியே, மைசூரில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சன் பேரில், நேர் நேராகத் தெரு கீறி இந்தப் பேட்டையை அமைத்தார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மார்வாடியும் ஒரே தராசுக்கு முன்னால் நின்றது இங்கேதான். மைன்ஸுக்கு 1902-லேயே சிவசமுத்திரத்தில் இருந்து தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி இழுத்து கரண்ட் கொடுத்தார்கள். பெங்களூருக்கே 1905-ல்தான் வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தது என்னவோ லைன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில்.

மைன்ஸ் ஓடிய காலத்தில் சம்பள நாளில் இந்தத் தெருவில் நடக்க முடியாது. கடனை வசூலிக்க வருகிற கடைக்காரர், புருஷன் சாராயக் கடைக்குப் போவதற்குள் பிடித்துவிட நிற்கும் பெண்கள், மிட்டாய்க்குக் காத்திருக்கும் பிள்ளைகள். நானும் அதில் ஒருவன். அப்பா வெட்டியதில் எவ்வளவு தங்கம் இருந்தது என்று அவருக்கே தெரியாது. அவர் கண்ணில் பட்டதெல்லாம் பாறைதான். வீட்டில் இருந்த ஒரே தங்கம் அம்மாவின் கம்மல். அது பாதி வருடம் என் கடைக்கு நாலாவது கடையில் அடகில் இருக்கும்.

ஏர் பிளாஸ்ட் என்று ஒன்று உண்டு. ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம். கீழே வெடித்தால் மேலே கடைவீதி அதிரும். நான் தொழில் கற்ற கடையில் சுவரில் ஏழெட்டு பெண்டுலம் கடிகாரங்கள் ஓடும். ஒருநாள் மத்தியானம் தரை குலுங்கியது, அதில் மூன்று நின்றுவிட்டன. முதலாளி உடனே ஓட்டிவிடப் போனார். கடையில் இருந்த ஒரு அம்மா, "இருங்கய்யா, சங்கு ஊதுறானான்னு கேப்போம்" என்றாள். விபத்துச் சங்கு கேட்கிறதா என்று தெரு முழுக்க அப்படியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அப்பா அன்றைக்கு அந்த ஷிப்ட் இல்லை. அவள் வீட்டுக்காரர் உள்ளே இருந்தார். சாயங்காலம் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார் என்று மறுநாள் அவளே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

கடைகளின் முகப்பையாவது உங்கள் போட்டோகிராபர் எடுத்திருக்கலாம். ஷட்டர் வருவதற்கு முன் பலகைக் கதவுகள்தான். ஒவ்வொரு பலகையிலும் உளியால் எண் கீறியிருக்கும். வரிசை மாறினால் காடியில் இறங்காது. எதிர்க்கடை போன வருடம் இடித்துக் கண்ணாடி போட்டது. அதில் 7-ம் எண் பலகையைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது என் வேலை மேஜை அதுதான். காலத்துக்கு மாறாதே என்று கடைக்காரரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இடிப்பதற்குள் யாராவது படமாவது எடுத்து வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

பத்திரிகைக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பிறகு 1926-ல் இந்த ஊரில் இருந்துதான் மறுபடியும் வந்தது. நடத்தியவர் அப்பாதுரையார். இரண்டு பக்கக் கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை.

அடுத்த முறை உங்கள் நிருபர் வந்தால் கார் வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடிகாரக்காரர் கடை எது என்று கேட்டால் காட்டுவார்கள். டீ நான் வாங்கித் தருகிறேன். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று கடை லீவு.

இப்படிக்கு,
கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு வாசகர்,
ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்